பொருள் எண் ஒண்ணு

தள்ளி உக்காருங்க தம்பி, பெஞ்சுல இடம் இருக்கு. அந்த ஓரத்துல ஆணி நீட்டிட்டு நிக்கும், வேட்டியக் கிழிச்சிரும். இந்தப் பக்கமா வாங்க. தலைவரப் பாக்கத்தான வந்திய? நானும் அதுக்குத்தான் உக்காந்துருக்கேன். என்ன மனு? குடிதண்ணிக் குழாயா? சரி சரி, நல்ல மனுதான்.

என் செல்போனுக்குள்ள எட்டிப் பாக்கிய, தெரியுது. பாருங்க, ஒண்ணும் ரகசியம் இல்ல. இது கேம். சின்னப் பயலுவ டுப்பு டுப்புன்னு சுடுத கேம் இல்ல, இது மூளைக்காரன் ஆடுதது. வெறுங்காட்டுல ஒரு ஊரு குடுப்பான். அதக் கட்டி, பெருக்கி, பேரரசா ஆக்கணும். நாம ஒரு டர்ன் ஆடுனா பக்கத்து ராசாவெல்லாம் ஒரு டர்ன் ஆடுவான். ஊருக்குள்ள ஒரு நேரத்துல ஒரே ஒரு கட்டடந்தான் கட்ட முடியும். களஞ்சியம், கிணறு, சந்தை, மதில், பட்டாளக் கொட்டகைன்னு வரிசையாக் காட்டுவான். எத முதல்ல கட்டுதோம், எதப் பின்னால தள்ளுதோம்ங்கதுலதான் ஆள் தெரியும். நிர்வாகம்னா என்ன தம்பி? இதான நிர்வாகம்.

நான் எப்பவும் முதல்ல கோபுரம். இந்தா, நடு ஊர்ல அரைகுறையா நிக்கே, அதுதான். உலக அதிசயம்னு பேரு போட்டுருக்கான். கட்டி முடிக்க டர்ன் ரொம்பப் பிடிக்கும். ஆனா முடிஞ்சிட்டுன்னா நாலு தேசத்துக்காரனும் அண்ணாந்து பாக்கணும். களஞ்சியத்தக் கட்டுனா எவன் பாப்பான்? எலிதான் பாக்கும்.

முடிச்சிருக்கேனான்னு கேக்கிய. எங்க முடிக்க விடுதான்? முக்கால்வாசி எழும்பும்போது நெல்லு தீந்துபோகும். சனம் மூஞ்சியச் சிவப்பா வச்சிக்கிட்டு வேலைய நிறுத்திரும். அந்த நேரம் பாத்துப் பக்கத்து ராசா படையக் கொண்டாந்துருவான். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். கம்ப்யூட்டர் கள்ளாட்டம் ஆடுது தம்பி, வேற ஒண்ணும் இல்ல. அந்தக் கம்பெனிக்காரனுக்கே இங்கிலீசுல எழுதிப் போட்டேன். பதில் இல்ல. பயந்துட்டான்.

என்னத் தெரியலையா? ஊருக்குப் புதுசா குடிவந்தவியளோ? அதான பாத்தேன். நான் இசக்கிதுரை. தலைவர் சண்முகக்கனி இருக்காள்லா, அவ வீட்டுக்காரர். இந்தப் பேரூராட்சியில தலைவர்னா என்னத்தான் சொல்லுவாவ. டீக்கடையில இன்னைக்கும் 'தலைவருக்கு ஒரு டீ'ன்னுதான் குரல் குடுப்பான். என்ன, காசு மட்டும் இப்ப கேக்கான்.

எலெக்சன்ல நான்தான் நிக்கதா இருந்தேன், கேட்டியளா. புது வேட்டி எல்லாம் எடுத்தாச்சு. கடைசியில தலைவர் பதவி பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டாவ. என்ன செய்ய? வீட்ல இருந்தவள நிறுத்துனேன். போஸ்டர்ல என் படம் பெருசா, கையெடுத்துக் கும்பிடுத மாதிரி. அவ படம் மூலையில, ஆதார் அட்டையில உள்ளது. சனத்துக்கு யாருக்கு ஓட்டுப் போடுதோம்னு குழப்பம் வரக்கூடாதுல்லா. வார்டுல ஜெயிச்சோம், மெம்பர்மாரச் சரிக்கட்டித் தலைவரும் ஆயாச்சு. ஆயாச்சு என்ன, ஆனேன்னே சொல்லலாம்.

ஜெயிச்சவளுக்குப் பாடம் நடத்தணும்லா. இந்தக் கேம வச்சித்தான் நடத்துனேன். பக்கத்துல உக்கார வச்சி, இது களஞ்சியம், இது மதில், இது சந்தைன்னு ஒவ்வொண்ணாக் காட்டிக் குடுத்தேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு என்ன கேட்டா தெரியுமா? 'ஏங்க, இவ்வளவு சனம் இருக்கு, ஒரு கக்கூஸ் கூடக் கட்டலையே. இவிய எல்லாம் எங்க போவாவ?'ன்னா. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. ராசா கேம்ல வந்து கக்கூஸ் தேடுதா. மறுநாள் டீக்கடையில சொன்னேன், பால்காரன் கேனக் கீழ வச்சிட்டுச் சிரிச்சான்.

ஒரு நாள் குளிக்கப் போகும்போது இந்த செல்போன அவ கையில குடுத்தேன். 'எதையும் தொடாத, டர்ன் முடிக்க பட்டன மட்டும் அமுக்கிட்டே இரு'ன்னேன். ஆபீஸ்லயும் அப்படித்தான் சொல்லி வச்சிருந்தேன், வாசிக்க வேண்டாம், கையெழுத்த மட்டும் போடுன்னு. நான் குளிக்க நேரம் எடுப்பேன், அது வேற விஷயம். தலைய துவட்டிட்டு வந்து பாக்கேன், கோபுரத்த நிப்பாட்டிட்டுக் களஞ்சியம் கட்டிருக்கா. கிணறு கட்டிருக்கா. ஊரு ரெண்டு மடங்கா பெருத்துக் கெடக்கு, சனம் பூரா பச்ச மூஞ்சியா இளிச்சிக்கிட்டு நிக்கி. எனக்கு வந்துது பாருங்க கோவம். 'கோபுரம் எங்கட்டி?'ன்னேன். 'சோறு இல்லாத ஊர்ல கோபுரத்த யாரு அண்ணாந்து பாப்பா? பசிச்சவன் குனிஞ்சில்லா நடப்பான்'ங்கா. பொம்பளை புத்தி. பழைய ஆட்டத்தத் திருப்பி எடுத்து, கோபுரத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். அவ ஆடுனதுல ஊரு பெருத்தது குருட்டு அதிர்ஷ்டம். அதெல்லாம் கணக்குல சேராது.

இருங்க, ஒரு டர்ன் போட்டுக்கிடுதேன். களஞ்சியம் காலிங்கான். சொல்லிட்டுப் போறான், நமக்கென்ன.

ஆபீஸ் நிர்வாகத்த நான்தான் பாத்தேன். ஆசைப்பட்டு இல்ல தம்பி, சத்தியமா. அவ நாற்காலியில உக்கார மாட்டா. காலைல கூட்டிட்டு வந்து உக்கார வைப்பேன். கொஞ்ச நேரத்துல நெளிய ஆரம்பிச்சிருவா. 'வீட்டுக்குப் போயிட்டு வாரேன்'ம்பா. போனா இந்த வெயில்ல திரும்ப வருவாளா? நாற்காலிய சும்மாப் போட்டு வைக்கலாமா? நான் உக்காந்தேன். பியூன் மாசானம் டீ கொண்டாருவான், அவ தொட மாட்டா. அதையும் நான்தான் குடிக்கணும். தண்ணி குடுத்தாலும் உதட்ட நனைச்சிட்டு வச்சிருவா. சபை மரியாதை தெரியாத ஆளு.

பொம்பளை மெம்பர்மாரும் அப்படித்தான். கூட்டம் ஆரம்பிச்சதும் மணியப் பாப்பாளுவ. எந்தத் தீர்மானம்னாலும் சரி சரின்னு தலைய ஆட்டிட்டு எழும்பி ஓடுவாளுவ. பொறுப்புன்னு ஒண்ணு வேண்டாமா? கம்ப்யூட்டர் அடிக்க ஒரு பிள்ளை இருக்கு, ஜெபராணின்னு. அது வேலைய விட்டுட்டு நடுநடுவுல எதுத்த தெரு போஸ்ட்மேன் வீட்டுக்கு ஓடும். அங்க அப்படி என்ன சிநேகமோ. நான் ரெண்டு தடவ ஏசிருக்கேன். அழுதுரும், அவ்வளவுதான்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை தம்பி. மெயின் ரோட்டுலேர்ந்து ஊருக்குள்ள திரும்புத இடத்துல ஒரு வளைவு. சிமெண்டு வளைவு, மேல ரெண்டு பக்கமும் சிங்கம், நடுவுல என் அப்பா பேரு. சிவனணைஞ்சபெருமாள் நினைவு வளைவு. ஊருக்கு அவரு என்ன செஞ்சாருன்னு நீங்களும் கேக்கப் போறிய. ஒண்ணும் செய்யல. நூல் மில்லுல வாட்ச்மேனா இருந்தாரு. கேட்டுக்கு வெளிய ஸ்டூலப் போட்டு உக்காந்தே அவரு காலம் போயிட்டு. ஒருத்தனும் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ஏ வாட்ச்மேன், ஏ வாட்ச்மேன்னுதான். அந்தப் பேரு ஒரு இடத்துலயாவது உசரத்துல இருக்கட்டும்னு நினைச்சேன்.  பெத்த மகன் நினைக்கது தப்பா?

அதுக்குத்தான் ஒரு மன்றக் கூட்டம் போட்டேன். பொருள் எண் ஒண்ணு, வளைவு. நானே பக்கத்துல நின்னு ஜெபராணிய டைப் அடிக்க வச்சேன். மெம்பர்மாருகிட்டயும் பேசியாச்சு. பொம்பளை மெம்பர்னா வீட்டுக்காரங்ககிட்ட பேசுனா போதும்லா. வீட்டுக்காரங்க நாங்க எல்லாரும் வராண்டாவுல, இந்தா நாம இருக்கோமே இதே இடத்துல, வட்டமா உக்காந்து வடை தின்னுக்கிட்டு இருக்கோம். உள்ள அவ பேப்பர எடுத்து வாசிக்கா. 'பொருள் எண் ஒண்ணு. அலுவலகத்துக்குப் பின்னால பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவது.'

பாதி வடையோட எழும்புனேன்.

ஜன்னல்ல எட்டிப் பாக்கேன். மேசையில இருக்கது நான் அடிக்கச் சொன்ன பேப்பர் இல்ல. வளைவு கடைசிப் பொருளாப் போயிக் கெடக்கு. ஜெபராணி குனிஞ்ச தலை நிமிரல. 'ஏட்டி கனி, என்னட்டி இது?'ன்னு ஜன்னல் வழியாவே கேட்டேன். அவ திரும்பிக் கூடப் பாக்கல. 'சபை நடக்கு. பார்வையாளர் பேசப்படாது'ங்கா. தாலி கட்டுனவன் நான். பார்வையாளராம்.

ஆம்பளை மெம்பர் ஒருத்தரு எழும்பி, 'இப்படி ஒரு குறை இருக்குன்னு யாராவது மனு குடுத்துருக்காவளா?'ன்னாரு. நல்ல கேள்வி, நியாயமான கேள்வி. ஆபீஸ்ல கக்கூஸ் இல்லாம இல்ல, பாத்துக்கிடுங்க. செயல் அலுவலர் ரூமுக்குள்ள ஒண்ணு இருக்கு, சாவி அவரு பையில கெடக்கும். ஆம்பளைய நாங்க பின்னால வேப்பமரத்துப் பக்கம் போயிட்டு வந்துருவோம். இவ்வளவு காலத்துல யாரும் ஒரு குறையும் சொன்னதில்ல. நான் சொல்லிருக்கேனா? செயல் அலுவலர் சொல்லிருக்காரா?

அவ நேரா, 'ஆதரிக்கவிய கையத் தூக்குங்க'ன்னா. அவ்வளவு பொம்பளையும் கையத் தூக்குனாளுவ தம்பி. நம்ம கட்சி, எதிர்க்கட்சி, சுயேச்சை, ஒருத்தி மிச்சமில்ல. ஒருத்தி, வீட்டுக்காரனக் கேக்காம சீலை கூட எடுக்க மாட்டா, அவ ரெண்டு கையையும் தூக்குதா. வராண்டாவுல நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கோம். எங்க வச்சிப் பேசுனாளுவ, எப்பப் பேசுனாளுவ, இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. சொக்குப்பொடி போட்டுட்டான்னுதான் நினைக்கேன். வளைவுக்கு நேரம் இல்லன்னு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியாச்சு.

வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். 'சரித்திரத்துல எந்த ராசாவாவது முதல் கட்டடமா கக்கூஸக் கட்டிருக்கானாட்டி? வெளியூர்க்காரன் கேட்டா வாயால சிரிக்க மாட்டான்'ன்னேன். அவ மாவு கரைச்சிக்கிட்டே, 'சின்னக் கட்டடந்தான. போகட்டுமே'ன்னா. நானும் யோசிச்சேன். வாஸ்தவம், சின்னக் கட்டடம். கேம்லயும் ஒரு மூலைய எதிரிக்கு விட்டுக்குடுத்துட்டுப் பெருசப் பிடிக்கது உண்டு. சரின்னு பெரிய மனசு பண்ணி விட்டேன். அங்கதான் தம்பி, நான் எங்கயோ ஒரு டர்ன தப்பா ஆடிட்டேன். ஆனா எதுன்னுதான் தெரியல.

கொத்தனார்கிட்ட தனியா, 'மெதுவாக் கட்டுடே, ஒண்ணும் அவசரம் இல்ல'ன்னு சொல்லிப் பாத்தேன். அவன் தலைய ஆட்டுனான். ஆனா சித்தாள் பொம்பளைய என் பேச்சக் கேக்கணும்லா. நாயித்துக்கிழமையும் வந்து மண்ணு சுமக்காளுவ. ஏட்டி, என் வீட்டு வேலைக்கு வந்தா மதியத்துக்கு மேல நிக்க மாட்டீய, இங்க என்ன இவ்வளவு வேகம்னு கேட்டேன். வாயப் பொத்திச் சிரிக்காளுவ. திறப்பு விழாவுக்கு நான் ரிப்பன் வெட்டுதேன்னு கனிகிட்ட சொன்னேன். 'பெண்கள் கழிப்பறைக்கு நீங்க எதுக்கு?'ன்னுட்டு, குப்பை வண்டி தள்ளுத மாடத்திய விட்டு வெட்ட வச்சா. அவ கத்திரிய வச்சிக்கிட்டு அழுதுட்டு நிக்கா. ஒரு கக்கூஸுக்கு இவ்வளவு கண்ணீரா, என்ன கூத்துய்யா இது?

மறுநாள் காலைல பாருங்க, சோத்துப் பாத்திரமும் ஒரு பெரிய தண்ணிப் பாட்டிலுமா கனி கெளம்புதா. நான் பின்னாலயே நிதானமா, வெத்தலை போட்டுட்டு வாரேன். நாற்காலியில அவ இருக்கா. சரி, இப்ப நெளிவா, எழும்பிருவான்னு எதிர்ல உக்காந்தேன். டீ வந்துது. ஒரு சொட்டு விடாமக் குடிச்சா. தண்ணி குடிச்சா. பேசிக்கிட்டே இன்னும் கொஞ்சம் குடிச்சா. மத்தியானம் ஆச்சு. நான்தான் நெளியுதேன். 'நீ வீட்டுக்குப் போயேன், நான் பாத்துக்கிடுதேன்'ன்னேன். 'எனக்குப் போக வேண்டிய தேவை இல்லைங்க. நீங்க போங்க'ன்னா. சாயங்காலம் வரைக்கும் எழும்பல. முன்னால கையெழுத்துப் போட்ட ஃபைல எல்லாம் இறக்கி வச்சி ஒவ்வொண்ணா வாசிக்கா. இது எதுக்கு, இது யாருக்குன்னு செயல் அலுவலரக் கேக்கா. அந்த மனுஷன் என்னப் பாக்காரு, நான் மின்விசிறியப் பாக்கேன். மறுநாளும் இதே கூத்து. அதுக்கு மறுநாளும். இவ்வளவு நாளு நாற்காலியக் கண்டாலே ஓடுனவளுக்கு, திடீர்னு எங்கேருந்துதான் வந்துதோ இந்த ஆசை. பதவி மோகம் தம்பி. அது புடிச்சா மனுஷன விடாது. நான் நல்லா வாழ்ந்து பாத்தவன், சொல்லுதேன்.

ஜெபராணிக்குந்தான் என்ன வந்துதோ, போஸ்ட்மேன் வீட்டு சிநேகத்த ஒரே நாள்ல விட்டுட்டு. சண்டை போல.

கூட்டமும் கெட்டுப்போச்சு. முன்னால வடை ஆறும் முன்ன முடிஞ்சிரும். இப்ப பொம்பளைய எழும்புததே இல்ல. சாப்பாட்டக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்துக்கிடுதாளுவ. வாறுகால் சாக்கடை ஏன் தூர்வாரல, இந்தத் தெருவுக்கு ஏன் தண்ணி ஏறல, இசக்கிதுரை வீட்டு முன்னால மட்டும் எதுக்கு இவ்வளவு தெருவிளக்குன்னு நோண்டி நோண்டிக் கேக்காளுவ. எவ்வளவு அடக்கமா இருந்தவளுவ தெரியுமா. வராண்டாவுல எங்க கூட்டமும் கரைஞ்சி போயிட்டு. ஒருத்தன் டிராக்டர் ஓட்டப் போயிட்டான், ஒருத்தன் மாடு வாங்கிட்டான். இப்ப நான் மட்டுந்தான் வாரேன்.

இந்தச் சட்டமும் அவ போட்டதுதான், சுவத்துல எழுதிருக்கு பாருங்க. மனு வந்தா முதல்ல தண்ணி, அடுத்து வெளிச்சம், அடுத்து வழி. மத்ததெல்லாம் பெறவு. வளைவு மத்ததெல்லாத்துல வருது. நீங்க தண்ணி, அதனால எனக்குப் பின்னால வந்தாலும் முன்னால போவிய. போன வாரம் நான் முதல் ஆளு. ஒருத்தன் தெருவுல பள்ளம்னு வந்தான், போயிட்டான். ஒரு கெழவி விளக்கு எரியலன்னு வந்தா, போயிட்டா. பெறவு ஆபீஸ் சாத்தியாச்சு. வளைவும் வழிதான, அதுக்கு அடியிலதான சனம் போகும்னு வாதாடிப் பாத்தேன். 'வளைவு இல்லாமலே போயிட்டுத்தான இருக்காவ'ன்னுட்டா. 

போச்சு. பாத்தியளா, போச்சு. ஒரே ஒரு டர்ன் பாக்கி, கோபுரத்து உச்சியில கல்ல வைக்கணும், படையோட வந்துட்டான் பாவி. மதில் ஏன் கட்டலன்னு கேக்காதிய. மதில் கட்டுனா கோபுரம் எப்ப கட்ட? நான் சொல்லல, கள்ளாட்டம்னு? சவத்த விடுங்க, திரும்ப முதல்லேர்ந்து ஆடுவோம்.

வீட்ல சொல்லிச் செஞ்சிக்கிடலாமேங்கிய. அது உங்களுக்குத் தெரியாது. வீட்ல வாயத் தொறந்தா, 'ஆபீஸ் விஷயத்த அடுப்படியில பேசப்படாது, மனுவா எழுதிட்டு ஆபீஸுக்கு வாங்க'ங்கா. எழுதிட்டு இங்க வந்தா, 'வீட்டு ஆளு வரிசையில வந்து நின்னா ஊரு என்ன பேசும், வீட்ல பேசிக்கிடுவோம்'ங்கா. கோவமும் படுததில்ல, சிரிச்ச முகமாச் சொல்லுதா. அதான் தம்பி எனக்குத் தாங்க முடியல.

இந்தா, மாசானம் கூப்பிடுதான். உங்களத்தான். முன்னால எனக்கு சல்யூட் அடிச்ச பய, இப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் கூப்பிடுதத பாருங்க. போங்க, போங்க. உள்ள போயி வளவளன்னு பேசாதிய, எந்தத் தெரு, எத்தனை வீடு, அத மட்டும் சொல்லுங்க. உங்க சோலி முடிஞ்சிரும். முடிஞ்சதும் அவ கேப்பா, வெளிய இன்னும் யாரும் இருக்காவளான்னு. பொதுசனம் ஒருத்தர் இருக்காருன்னு சொல்லுங்க. பேரு கேட்டாத் தெரியலன்னுருங்க. பேரச் சொன்னியன்னா, வீட்டுக்குப் போயி இருக்கச் சொல்லிருவா.